சொந்த ஊரில் ரூம் போட்டோம்

1

ஊரில் இருக்கிற உங்களுக்கு வார இறுதி என்றால் சனியும் ஞாயிறும், அவ்வளவுதான். இங்கே இங்கிலாந்தில் அது ஒரு தனி வேலை. வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடுவார்கள். நான் வேலை பார்க்கிற சரக்குக் கிட்டங்கியில் ஆளாளுக்கு வந்து, இந்த வாரம் என்ன திட்டம் என்று கேட்பார்கள். சனிக்கிழமை துணி துவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன் என்று சொன்னால் பாவம் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். வந்த புதிதில் மேலாளர் ஒருநாள் அதையே கேட்டார். சனிக்கிழமை வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வருகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு, குளிரில் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றவன் நான். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் விடவில்லை.

என் மகள் பெனிட்டாவுக்கு வயது இருபத்திரண்டு. இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாள். அவளும் வார இறுதிக்குத் திட்டம் போடுவாள். ஏதாவது ஒரு நகரத்தில் ஒரு பகுதியைப் பார்த்து வைப்பாள். அங்கேயே அறை எடுக்க வேண்டும், காரைத் தொடக்கூடாது. காப்பிக் கடை, புத்தகக் கடை, பூங்கா எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். காலையில் நடப்பது, உட்காருவது, மறுபடியும் நடப்பது. இதற்குப் பெயர் ஓய்வு. ஒரு தடவை என்னையும் என் மனைவி எஸ்தரையும் கூட்டிக்கொண்டு போனாள். சிணுசிணுவென்று மழை. குடையைக் காற்று பிடுங்குகிறது. மூட்டு வலியோடு எஸ்தர் ஒரு ஈர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களாப்பா" என்றாள் மகள். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். நாங்கள் ஊரில் நடந்தது ஓய்வுக்காக இல்லை. பஸ் வரவில்லை, நடந்தோம்.

ஆனால் என் கோபத்துக்கு உண்மையான காரணம் நடை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. நீங்கள் அறிந்த முறைதான். ஒரு பாட்டு, பிறகு வேதத்தைக் கைமாற்றி ஆளுக்கொரு வசனம் வாசிப்பது, பிறகு ஆளுக்கொரு ஜெபம். நான் பத்தாவதோடு ஐ.டி.ஐ. போனவன், பெரிய படிப்பு இல்லை. ஆண்டவர் எனக்குக் கொடுத்த படிப்பு அந்த ஜெபம்தான். அதில் பெனிட்டா பதினாலு வயதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. எங்களோடு உட்காருவாள், கண்ணை மூடுவாள். அவள் முறை வரும்போது சும்மா இருப்பாள். வேதத்தை அம்மா பக்கம் தள்ளிவிடுவாள். கெஞ்சினேன், ஏசினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த நாடுதான் என் பிள்ளையைக் கெடுத்தது, இந்தப் பள்ளிக்கூடமும் இந்தச் சிநேகிதர்களும்தான் காரணம் என்று எட்டு வருஷமாக இந்த மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஜெபத்தை விட்டுவிடுவாள், பிறகு ஊரை விடுவாள், கடைசியில் எங்களையும் விட்டுவிடுவாள் என்கிற பயம் எனக்கு.

2

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. பாளையங்கோட்டையில் தாலி கட்டின அதே ஆலயத்தில் ஒரு ஞாயிறு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும் என்று எஸ்தருக்கு ஆசை. பெனிட்டா தானும் வருகிறேன் என்றாள். எட்டு வருஷமாக எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தவள். ஒரே நிபந்தனை, திட்டம் முழுக்க அவள்தான் போடுவாள், நான் தலையிடக்கூடாது. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

"பாளையங்கோட்டையில ரெண்டு ராத்திரி, வெள்ளியும் சனியும். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல அம்பாசமுத்திரம், மாமா வீடு" என்று சொன்னாள். அம்பாசமுத்திரத்தில் இருப்பது எஸ்தரின் தம்பி. சரி என்றேன். எங்கே தங்குவோம் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பாளையங்கோட்டையில் ராத்திரி என்றால் ஜெபமணி அக்கா வீடுதான். உங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நான் செய்த தப்பு அதுதான் என்று பிறகு எஸ்தர் சொன்னாள்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். எஸ்தர் நர்ஸ் வேலைக்கு இங்கே முதலில் வந்தாள், பின்னாடியே நானும் வந்தேன். இங்கே இடம் சரியாகி, காகிதமெல்லாம் கைக்கு வருகிறவரைக்கும் பிள்ளையைக் கொண்டுவர முடியவில்லை. கேட்ட காகிதத்தைக் கொடுத்தால் கேட்காத இன்னொன்றைக் கேட்பார்கள். ஒன்றரை வருஷம் பெனிட்டா அக்கா கையில்தான் வளர்ந்தாள். அவளை இங்கே கூட்டிவந்த பிறகு ரொம்ப நாள் அத்தை அத்தை என்றுதான் அழுதாள், அம்மா என்று அழவில்லை. எஸ்தர் அதைப் பார்த்துத் தனியாக அழுதாள். ஆகவே எட்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளைக்காக அக்கா மெத்தைக்கு உறை தைத்து, மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள். அதைப் போனில் என்னிடம் சொல்லியும் இருந்தாள். நான் பெனிட்டாவிடம் சொல்லவில்லை. திட்டத்தில் தலையிடக்கூடாதே.

3

வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கினதும் கார் நின்றது. அக்கா அனுப்பின கார். ஓட்டுகிறவர் அக்காவின் சபைக்காரர், பெயர் தாவீது. வழியெல்லாம் காற்று. ஆகஸ்ட் மாசத்துக் காற்று, கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் மண். ஊருக்குள் நுழைந்ததும் பெனிட்டா பின்னாலிருந்து போனை நீட்டி, இந்த இடத்துக்குப் போங்க என்றாள்.

தாவீது போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கன ஆரும் இருக்காவளா அண்ணாச்சி, பாத்துட்டுப் போவணுமோ?" என்று கேட்டார்.

"நாங்கதான் இருக்கப் போறோம்" என்று பெனிட்டா சொன்னாள்.

அவர் போன் காட்டின வழியே ஓட்டினார். ஓட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தார். அக்கா வீட்டுக்கும் அந்த ஓட்டலுக்கும் நடுவில் நாலு தெருதான். "அப்ப நான் அக்காகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று என் காதோடு கேட்டார். நான் வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் வண்டியைத் திருப்பின வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நாங்கள் மாடி ஏறுவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்று.

உள்ளே வரவேற்பு மேசையில் இருந்த பையன் எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கினான். மூன்றும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் தங்கினால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம், கணினியில் தட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டான். வந்த காரணம் என்ன என்றான். நான் பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். பெனிட்டா சட்டென்று "சுற்றுலா" என்றாள். அவன் அதைத் தட்டினான். நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அவன் முகத்தில் எறியலாமா என்றிருந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

அறைக்குள் போனதும் மகளைப் பிடித்துக்கொண்டேன். என்ன காரியம் செய்தாய், அத்தைக்கு என்ன பதில் சொல்வேன், அங்கே உனக்கு மெத்தை தைத்து வைத்திருக்கிறாள் என்று கத்தினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பகல்ல அத்தை வீட்டுக்குப் போகலாம்ப்பா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கேன். ராத்திரி இங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

நான் சட்டையை மாற்றுவதற்குள் கீழே கூப்பிட்டார்கள். அக்கா வந்திருந்தாள், மகன் சாமுவேலின் பைக்கில். அக்கா யாரையாவது பார்க்க வெறுங்கையோடு போய் நான் பார்த்ததில்லை. ஒரு சீப்புப் பழமாவது இருக்கும். அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. உட்கார் என்றேன், உட்காரவில்லை. ஓட்டல் பையன் தண்ணீர் கொண்டுவந்தான், வாங்கவில்லை.

"ஏலே, லாட்ஜ்ல தங்குதவன் யாரு? கோர்ட்டுக்கு வந்தவன் தங்குவான். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் தங்குவான். நாதி இல்லாதவன் தங்குவான். நீ இதுல யாருல?"

பிள்ளை திட்டம் போட்டாள், எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

சாமுவேல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு சிரித்தான். "விடும்மா. வெள்ளைக்காரவுகளுக்கு நம்ம கக்கூஸ் சரிப்படாது."

பெனிட்டா அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினாள். அத்தை என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு எஸ்தரிடம், "ஏட்டி எஸ்தரு, ஒம் மகள நல்லா வளத்துட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பெனிட்டாவின் கை அப்படியே நின்றது.

4

மறுநாள் சனிக்கிழமை, திட்டப்படி நடை. நான் வரமாட்டேன் என்று படுத்திருந்தேன். எஸ்தர் எழுப்பினாள். பிள்ளையைத் தனியாக விட்டால் அவளுக்கு இந்த ஊரில் கிடைத்தது நேற்று அத்தையிடம் வாங்கின பேச்சு மட்டும்தான் என்றாகிவிடும், எழுந்திரும் என்றாள்.

நடந்தோம். நடப்பதற்குத் தோதான ஊர் என்று போனில் பார்த்து முடிவு பண்ணியிருக்கிறாள். ஆலயம், மார்க்கெட், பஜார், பழைய பள்ளிக்கூடங்கள் எல்லாம் பக்கம் பக்கம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நடக்க இடம் எங்கே? நடைபாதையில் செருப்புக் கடை. செருப்புக் கடைக்கு முன்னால் பைக். பைக்குக்கு முன்னால் சாக்கடை மூடி, அதுவும் பாதிதான். ஆட்டோக்காரன் முதுகில் வந்து ஹாரன் அடிக்கிறான். நான் எல்லாவற்றையும் சபித்துக்கொண்டே போனேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம், எழுதத்தான் செய்வேன்.

அவளோ எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிக் குதித்துப் போனாள். மார்க்கெட்டில் ஒரு பழக்கடையில் நின்று மட்டி, கோழிக்கூடு, செவ்வாழை என்று ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டாள். கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றிலும் ஒரு பழம் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"யாரு வீட்ல எறங்கியிருக்கிய?"

பெனிட்டா ஓட்டல் பெயரைச் சொன்னாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் பக்கம் திரும்பி, சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லையோ என்றார். டீக்கடையிலும் அதே கேள்வி. தையல்கடை வாசலில் என்னோடு ஐ.டி.ஐ. படித்த ஒருவன் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தான், அவனும் அதையே கேட்டான். "ஜெபமணி அக்கா வீடு இந்தா இருக்கு, நீரு லாட்ஜ்லயா கெடக்கீரு? என்னவே, சண்டையா?" என்றான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. தாராளமாக நடந்து பார்க்கிற ஊர் என்றால் தாராளமாக எல்லாரும் நம்மைப் பார்க்கிற ஊர் என்று என் மகளின் போனில் போட்டிருக்கவில்லை.

மத்தியானம் ஒரு மைதானத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். எஸ்தர் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. உனக்கு அந்த வீடு அசிங்கமாகிவிட்டதா, சாமுவேல் சொன்னது மாதிரி கக்கூஸ் பிரச்சினையா, என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே என்று கேட்டேன். எஸ்தர் பைய பேசும் என்று என் கையைப் பிடித்தாள்.

பெனிட்டா கொஞ்சநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அவள் தமிழ் எளிய தமிழ், நிறுத்தி நிறுத்தித்தான் வரும். நான் சுருக்கமாக எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது ஒருநாள் நான் ஏரலில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன், எஸ்தரும் என்னோடு வந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அக்கா வேதத்தை பெனிட்டா கையில் கொடுத்திருக்கிறாள். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து அப்போது பாதிதான் தெரியும். எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். சாமுவேல் அதே மாதிரி வாசித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். திரும்ப வாசி என்றார்கள், திரும்பவும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. வசனத்தை முடிக்க வேண்டும் என்று நினைத்தாளாம். அப்போது அக்கா வேதத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாளாம்.

"போதும்ட்டி. ஆண்டவரே காதப் பொத்திக்கிடுவாரு."

"அதுக்கப்புறம் எனக்கு சத்தமா ஜெபம் பண்ண வரலப்பா" என்றாள். "வாயத் திறந்தா அது காதுல கேக்குது. அந்த வீட்ல பகல்ல இருப்பேன். ராத்திரி ஜெபத்துக்கு உக்கார முடியாது. அதனாலதான் ரூம்."

எஸ்தர் அவளைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். நான் எழுந்து மைதானத்தைப் பார்த்து நின்றேன். எட்டு வருஷம் நான் இங்கிலாந்தைத் திட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தைத் திட்டினேன். ஒன்றுமறியாத அவள் சிநேகிதிகளை வீட்டுக்கு வரவேண்டாம் என்றேன். என் பிள்ளையின் வாயை அடைத்தது அவர்கள் யாரும் இல்லை. பாளையங்கோட்டையில், என் அக்கா வீட்டில், ஜெபத்தில் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

5

சாயங்காலம் தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், வழி தெரிஞ்சுதா என்றாள்.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சாமுவேல் உள்ளேயிருந்து வந்து, அதெல்லாம் சின்ன வயசுல விளையாட்டு மாமா என்றான். நீ உள்ளே போ என்றேன். போனான்.

அக்கா கீரையை விடவில்லை. "சிரிச்சோம். பிள்ளைகள்லாம் கூடுனா சிரிக்கத்தான் செய்யும். அதுக்கு எட்டு வருசம் கருவிக்கிட்டு இருக்காளா ஒம் மக?"

"நீ சொன்னது சிரிப்பா அக்கா? ஆண்டவர் காதப் பொத்துவாருன்னு ஒரு பிள்ளகிட்ட சொல்லலாமா?"

"அவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்காதது யாருல? நானா? எங்கிட்ட இருந்தப்ப மழலையில பாட்டுப் பாடுன பிள்ள அவ. நீ கொண்டுபோயி ஊமையாக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்க?"

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. இரண்டு ஷிப்ட், எஸ்தருக்கு ராத்திரி வேலை, தமிழுக்கு நேரம் எங்கே இருந்தது? இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அக்காவின் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. இவள் கையால் சோறு தின்ற பிள்ளை இவள் வீட்டில் படுக்கப் பயப்படுகிறது, அது அவளுக்கும் வலிக்கத்தானே செய்யும். அந்த நேரம் ஒரே ஒரு வார்த்தை அவள் இறங்கி வந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

தப்பா சொல்லிட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு அக்கா, போதும் என்றேன்.

"நானா? அவகிட்டயா?" அக்கா எழுந்துவிட்டாள். "மாடியில மெத்தை விரிச்சுக் கெடக்கு. வந்து படுக்கச் சொல்லு. அதுக்குமேல எங்கிட்ட எதிர்பாக்காத."

நான் வாசலுக்கு வந்தேன். பின்னாலிருந்து, நாளைக்கு ஆலயத்துல பாப்போம் என்றாள். அது சமாதானமா மிரட்டலா என்று எனக்கு விளங்கவில்லை.

6

ஞாயிறு ஆராதனையில் வசனமும் பாட்டும் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், கலியாண நாள் உள்ளவர்களைச் சபைக் குருவான ஐயர் முன்னால் கூப்பிடுவார். முழங்கால் போடுவோம். வீட்டு ஆள்களெல்லாம் எழுந்துவந்து பின்னால் நிற்பார்கள். நிற்கிற ஆள்களைப் பார்த்துத்தான் ஊர் கணக்குப் போடும், இந்தக் குடும்பம் எப்படி இருக்கிறதென்று.

எங்கள் பெயரை வாசித்தார்கள். நானும் எஸ்தரும் போய் முழங்கால் போட்டோம். பெனிட்டா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றாள். நான் ஓரக்கண்ணால் பெண்கள் பக்கம் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அக்கா. எழுந்திருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் சாமுவேல் பாதி எழுந்தான், அம்மாவைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். ஐயர் கொஞ்சம் காத்திருந்தார். இன்னும் ஆள் வரும் என்று நினைத்திருப்பார். பிறகு கையை எங்கள் தலையில் வைத்து ஜெபித்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் எங்கள் பின்னால் நிற்க இடம் இல்லாமல் நின்றார்கள். இப்போது ஒரே ஒரு பிள்ளை. அவள் கை என் தோளில் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜனங்கள் கையைக் குலுக்கினார்கள். கேள்வியையும் கேட்டார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் அக்கா வந்தாள். எஸ்தரின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கோழி வறுத்து வச்சிருக்கேன். நீயும் எஸ்தரும் சாப்பிட வாங்க."

பெனிட்டா எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். நம் ஊரில் பந்திக்குக் கூப்பிடும்போது கைக்குழந்தையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விட்ட பெயர் வேண்டுமென்று விட்ட பெயர்தான்.

"மூணு பேரையும் கூப்பிடு அக்கா" என்றேன்.

"அவளுக்கு லாட்ஜ்ல போடுவாவ."

நான் கோபக்காரன், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அக்காவிடம் குரலை உயர்த்தினதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. நாங்கள் வரவில்லை அக்கா என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். நான் மறுப்பேன் என்று அவள் நினைக்கவேயில்லை.

ஆலயத்திலிருந்து ஓட்டலுக்குப் போக அக்கா தெருவைத்தான் கடக்க வேண்டும். சுற்றிப் போகலாம் என்றாள் எஸ்தர். எதற்கு, திருடினோமா என்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா பைக்கில் எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். நாங்கள் அந்தத் தெருவில் நுழைந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. வறுத்த கோழி வாசம் தெருவுக்கே வந்தது. உள்ளே அக்கா நிற்பது தெரிந்தது. எஸ்தரின் நடை தளர்ந்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் கதவைத் தாண்டினோம். என் வாழ்நாளில் அந்த வாசலை மிதிக்காமல் தாண்டினது அன்றைக்குத்தான். கொஞ்சதூரம் போனபிறகு பின்னால் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. படாரென்று இல்லை. மெதுவாகத்தான்.

ஓட்டல் பிரியாணியில் உப்பு அதிகம். சாயங்காலம் அம்பாசமுத்திரம் போய்விட்டோம்.

7

திரும்பி வந்து இரண்டு மாசம் ஆகிறது. அக்கா போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. தாவீது மட்டும் ஒருநாள் கூப்பிட்டு, அக்கா மாடி அறையைப் பூட்டிப் போட்டுட்டாவ என்று சொன்னார். அந்தச் சேதியை எனக்கு எதற்குச் சொன்னார் என்று அவர்மேலும் கோபம்.

உங்களிடம் ஒன்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அதுகள் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். சிரித்தே ஆகவேண்டும் என்றால் கடையில் வைத்துச் சிரியுங்கள், கலியாண வீட்டில் வைத்துச் சிரியுங்கள். வேதத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்காதீர்கள். பிள்ளைகளை வெளிநாடு தின்றுவிட்டது என்று எங்களைப் பார்த்து நீங்கள் பரிதாபப்படவும் வேண்டாம். என் பிள்ளையை யார் தின்றார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

பெனிட்டா ஊரை வெறுக்கவில்லை. அடுத்த வருஷம் மணிமுத்தாறு பக்கம் போகலாமா என்று கேட்கிறாள். பழக்கடைக்காரரோடு எடுத்த படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள். ஜெபத்தில் இன்னும் வாயைத் திறப்பதில்லை. நானும் இப்போது கேட்பதில்லை. வேதம் அவள் கைக்கு வரும்போது வாங்கி, கொஞ்சநேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கிறாள். அந்த நேரம் நாங்கள் காத்திருக்கிறோம்.

போனவாரம் ஒருநாள். நான்தான் ஜெபித்தேன். வழக்கம்போல எஸ்தரின் தம்பி குடும்பம், சபை, ஐயர், கிட்டங்கியில் கால் ஒடிந்த ஒருவன், எல்லாருக்காகவும் சொல்லி முடித்து ஆமென் என்றேன். கண்ணைத் திறந்தேன். எஸ்தர் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். பெனிட்டா கண்ணைத் திறக்கவேயில்லை.

"அப்பா, அத்தை பேர விட்டுட்டீங்க" என்றாள்.

மறந்து விடவில்லை. ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து வேண்டுமென்றேதான் விட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் இத்தனை நாளும் கவனித்திருக்கிறாள். எஸ்தர் மறுபடியும் உட்கார்ந்தாள். நான் திரும்பக் கண்ணை மூடினேன். ஆண்டவரே, என் அக்கா ஜெபமணியை ஆசீர்வதியும் என்று சொன்னேன். என் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், அவருக்கும் அது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.